தவறிச் சேமிக்கும் கைக்கு விம்மில் ஒரு காவல்

விம் எடிட்டரில் வேலையை முடித்துவிட்டு ஃபோல்டரைப் பார்த்தால், நீங்கள் உருவாக்காத கோப்பு ஒன்று கிடக்கும். பெயர் ; என்றிருக்கும், அல்லது 1, அல்லது ]. திறந்து பார்த்தால் இத்தனை நேரம் எழுதிக்கொண்டிருந்த அதே உரை. வைரஸும் இல்லை, விம்மில் கோளாறும் இல்லை. விரல் ஒரு விசை தள்ளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைத் தவறுகளை விம்மே தடுத்து நிறுத்தும்படி சின்ன நிரல் எழுதி வைப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம். விம்மில் உரையைத் திருத்தவும், சேமிக்கவும், வெளியேறவும் தெரிந்தால் போதும்.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. கமாண்டுகளையும் நிரல் வரிகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டவும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். : ; ! ' ] போன்ற குறிகளும் எண்களும் அப்படியே. எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் முதல் மூன்று நான்கு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள்; கமாண்ட் வரியில் கமாண்ட், நிகழ்வு, ஃபங்ஷன் பெயர்களை விம்மே நிரப்பித் தரும்.

எங்கே சறுக்குகிறது

சேமிக்கும் :டபிள்யூ என்பது ஒற்றை எழுத்துக் கமாண்ட். விம்முக்கு முன்னோடியான விஐ-யை பில் ஜாய் 1976-ல் எழுதினார். அந்தக் காலத்திலிருந்தே இந்தக் கமாண்டுக்குப் பின்னால் வருவது கோப்பின் பெயர். நடுவில் இடைவெளி விட்டால்தான் பெயர் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே :டபிள்யூ1 என்று தட்டினால் "1 என்ற பெயரில் எழுது" என்றே விம் எடுத்துக்கொள்ளும்.

அந்த 1 எங்கிருந்து வருகிறது? :டபிள்யூ! என்று அடிக்கப்போய் ஷிஃப்ட் சரியாகப் படவில்லை என்றால் ஆச்சரியக்குறிக்குப் பதில் 1 விழும். என்டரை அடிக்கப்போன சுண்டுவிரல் பக்கத்து ' விசையையோ, மேலே இருக்கும் ] விசையையோ சேர்த்து அழுத்திவிடும். அடுத்த கமாண்டை அவசரமாக ஆரம்பித்தால் ; ஒட்டிக்கொள்ளும். :டபிள்யூகியூ என்று சேர்த்து அடிக்க வேண்டியதன் நடுவே ஒரு இடைவெளி விழுந்தால் கியூ என்ற பெயரில் கோப்பு பிறக்கும்.

முதல் தடவை எந்த எச்சரிக்கையும் வராது. திரையின் கடைசி வரியில் பெயரும், பக்கத்தில் "புதியது" என்று பொருள்படும் ஒரு அடைப்புக்குறிச் சொல்லும் வந்துபோகும். பழைய கோப்பைச் சேமிக்கும்போது அந்தச் சொல் வரவே கூடாது. கண் அதைப் பிடித்துப் பழகினால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. இரண்டாம் தடவை அதே தவறு செய்தால்தான், கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று இ13 எர்ரர் வரும்.

குப்பைக் கோப்பு விழுவதைக்கூட மன்னித்துவிடலாம். அடுத்து நடப்பதுதான் ஆபத்து. உரை 1 என்ற கோப்புக்குப் போய்விட்டது. அசல் கோப்பு வட்டில் பழையபடியே இருக்கிறது. வெளியேறப் போனால், சேமிக்காத மாற்றம் இருக்கிறது என்று இ37 காட்டி விம் மறுக்கும். "இப்போதுதானே சேமித்தேன்" என்று :கியூ! அடித்து வெளியேறுகிறோம். அசல் அப்படியே பழைய நிலையில் நின்றுவிடும். ஆகவே இப்படி ஒரு ஒற்றை எழுத்துக் கோப்பைக் கண்டால் உடனே அழிக்காதீர்கள். விம்டிஃப் கமாண்டில் அசலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, புதிய உரை எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகே அழிக்கவும்.

கன்ஃபிக் கோப்பைத் தயார் செய்தல்

விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புதான் கன்ஃபிக். லினக்ஸிலும் மேக்கிலும் அது ஹோம் ஃபோல்டரில் உள்ள .விம்ஆர்சி, விண்டோஸில் _விம்ஆர்சி. நியோவிம் (விம்மிலிருந்து கிளைத்த எடிட்டர்) என்றால் அதன் கன்ஃபிக் ஃபோல்டரில் இனிட்.விம். ஏற்கெனவே கோப்பு இருந்தால் விம்முக்குள்ளிருந்தே :எடிட் $மைவிம்ஆர்சி என்று திறக்கலாம். டாலருக்குப் பின் வருவது முழுக்கப் பெரிய எழுத்தில்.

இதுவரை கன்ஃபிக் கோப்பே வைத்திராதவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. விம் 8 முதல், உங்களிடம் .விம்ஆர்சி இல்லாதபோது டிஃபால்ட்ஸ்.விம் என்ற கோப்பை விம் தானாக ஏற்றிக்கொள்ளும். நிறங்கள் முதலான வசதிகள் வருவது அதிலிருந்துதான். நீங்கள் வெறும் .விம்ஆர்சி ஒன்றை உருவாக்கிய மறுகணம் அது நின்றுவிடும். "காவல் போட்டேன், கலர் போய்விட்டது" என்று குழம்ப வேண்டாம். முதல் வரிகளாக இவற்றை இடுங்கள்:

```
சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்
செட் என்கோடிங்=யுடிஎஃப்-8
ஸ்கிரிப்ட்என்கோடிங் யுடிஎஃப்-8
```

டாலருக்குப் பின் வரும் சொல் இங்கும் பெரிய எழுத்து. பின்னிரண்டு வரிகளில் உள்ள யுடிஎஃப்-8, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியீட்டு முறை. அவை எதற்கென்றால், எர்ரர் செய்திகளை நாம் தமிழில் எழுதப்போகிறோம். விண்டோஸில் பழைய விம் பதிப்புகளில் இவை இல்லாமல் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியும். நியோவிம் பயனர்களுக்கு இந்த மூன்று வரியும் தேவையில்லை.

இனிட்.லுவா வைத்திருக்கும் நியோவிம் பயனர்கள் பக்கத்தில் இனிட்.விம் ஒன்றையும் உருவாக்கிவிடாதீர்கள். இரண்டும் இருந்தால் நியோவிம் எர்ரர் காட்டும். கன்ஃபிக் ஃபோல்டருக்குள் பிளகின் என்ற ஃபோல்டர் போட்டு, அதில் சேவ்கார்ட்.விம் என்று ஒரு கோப்பு வைத்தால் தானே ஏறிக்கொள்ளும்.

முதல் காவல்: ஒற்றை எழுத்துப் பெயர்

தடுக்க வேண்டிய பெயர்களைப் பட்டியல் போடலாம்: ; : ' ] 1 கியூ என்று. பட்டியல் போட ஆரம்பித்தால் ஒவ்வொரு கீபோர்டுக்கும் ஒரு புதுக் குறி வந்துகொண்டே இருக்கும். நிரலுக்குள் ' குறியை எழுதுவதே தனித் தலைவலி. ஒற்றை மேற்கோளுக்குள் அதை இரட்டித்து எழுத வேண்டும், ஆக மொத்தம் வரிசையாக நான்கு மேற்கோள். அதைவிட எளிய விதி ஒன்று உண்டு. ஒரே எழுத்தில் பெயர் உள்ள புதிய கோப்பை வேண்டுமென்றே உருவாக்குகிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே பெயர் ஒரே எழுத்தாகவும், அப்படி ஒரு கோப்பு இதற்கு முன் இல்லாமலும் இருந்தால் நிறுத்து.

```
ஃபங்ஷன்! சேவ்கார்ட்()
  இஃப் வி:சிஎம்டிபேங்
    ரிட்டர்ன்
  எண்ட்இஃப்
  லெட் நேம் = எக்ஸ்பேண்ட்('<ஏஃபைல்>:டி')
  இஃப் எஸ்டிஆர்சார்ஸ்(நேம்) == 1 && !ஃபைல்ரீடபிள்(எக்ஸ்பேண்ட்('<ஏஃபைல்>'))
    ட்ரை
      எக்கோஎர் 'ஒற்றை எழுத்துப் பெயர், சேமிக்கவில்லை: ' . நேம்
    எண்ட்ட்ரை
  எண்ட்இஃப்
எண்ட்ஃபங்ஷன்

ஆக்ரூப் சேவ்கார்ட்
  ஆட்டோசிஎம்டி!
  ஆட்டோசிஎம்டி பஃப்ரைட்ப்ரீ,ஃபைல்ரைட்ப்ரீ,ஃபைல்அப்பெண்ட்ப்ரீ * கால் சேவ்கார்ட்()
ஆக்ரூப் எண்ட்
```

ஃபங்ஷன் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இ128 வரும். ஃபங்ஷன் பெயரும் வேரியபிள் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். மேற்கோளுக்குள் இருக்கும் செய்தி மட்டும் தமிழாக இருக்கலாம்.

இந்த நிரலில் பலரும் தடுக்கி விழும் இடம் நடுவில் உள்ள ட்ரை. எக்கோஎர் என்ற கமாண்ட் சிவப்பில் செய்தி காட்டும். பார்ப்பதற்கு எர்ரர் மாதிரியே இருக்கும். ஆனால் தனியாக விட்டால் அது செய்தியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், விம் தன்பாட்டில் கோப்பை எழுதி முடித்துவிடும். "எர்ரர் வருகிறது, கோப்பும் விழுகிறது" என்ற விசித்திரமான நிலை இதனால்தான். அதே எக்கோஎர் ஒரு ட்ரை–எண்ட்ட்ரை ஜோடிக்குள் இருந்தால் செய்தி என்ற நிலையிலிருந்து எக்ஸெப்ஷனாக, அதாவது ஓடும் வேலையை இடையில் முறிக்கும் பிழையாக, மாறிவிடும். எழுதுவதற்கு முன் எழும் நிகழ்வில், யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் ஒன்று எழுந்தால் விம் அந்த எழுதும் வேலையையே கைவிடும். நமக்கு வேண்டியது இதுதான். எக்கோஎருக்குப் பதில் த்ரோ என்று போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் செய்திக்கு முன்னால் இ605 என்று ஒரு ஒட்டு வரும், புதிதாகப் பார்ப்பவர் நிரல் உடைந்துவிட்டது என்று நினைப்பார்.

அடுத்தது ஏஃபைல். ஆங்கில ஏ எழுத்தும் ஃபைல் என்ற சொல்லும் ஒட்டியது, இரு பக்கமும் < > குறிகளுக்குள். இப்போது எழுதப்படப் போகும் கோப்பின் பெயர் இதில் இருக்கும். பலர் பழக்கதோஷத்தில் இங்கே % போடுவார்கள். அது நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் கோப்பின் பெயர், :டபிள்யூ; அடித்தாலும் % அசல் பெயரையே சொல்லும், காவல் தூங்கிவிடும். பின்னால் உள்ள :டி, பாதையை வெட்டிக் கடைசிப் பெயரை மட்டும் தரும்.

எழுத்தை எண்ண எஸ்டிஆர்சார்ஸ். எல்இஎன் என்ற ஃபங்ஷனைப் போட்டால் அது பைட்டை எண்ணும். க என்ற ஒரே எழுத்து யுடிஎஃப்-8-ல் 3 பைட். தமிழ் விசைப்பலகை மாற்ற மறந்து அடித்த ஒற்றை எழுத்து அந்தக் கணக்கில் தப்பிவிடும். எஸ்டிஆர்சார்ஸும் நம் கணக்குப்படி எண்ணாது என்பது வேறு விஷயம்: கு என்பதை அது 2 என்றே சொல்லும்.

முதலில் வரும் வி:சிஎம்டிபேங் என்பது, கமாண்டில் ! இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வேண்டுமென்றே அப்படி ஒரு பெயரில் சேமிக்க விரும்புகிறவர் :டபிள்யூ! 1 என்று அடித்துப் போய்க்கொண்டே இருக்கலாம். இதில் ஒரு ஓட்டையும் உண்டு: :டபிள்யூ!; என்று தவறி அடித்தால் காவல் விட்டுவிடும். அதையும் அடைக்க வேண்டுமென்றால் இஃப் வி:சிஎம்டிபேங் முதல் எண்ட்இஃப் வரையுள்ள மூன்று வரியை நீக்கிவிட்டு, வேண்டியபோது :நோஆட்டோசிஎம்டி டபிள்யூ 1 என்று முழுதாகத் தட்டுங்கள். முதல் வழியே போதும். திறக்க முடியாத பூட்டைப் போட்டால் ஒரு வாரத்தில் பூட்டையே கழற்றி எறிந்துவிடுவோம்.

ஆட்டோசிஎம்டி வரி, ஒரு நிகழ்வு எழும்போது நம் ஃபங்ஷனைத் தானாக ஓட்டும். மூன்று நிகழ்வுகள் ஏன்? முழுக் கோப்பையும் எழுதும்போது எழுவது பஃப்ரைட்ப்ரீ. சில வரிகளை மட்டும் தேர்ந்து எழுதினால் ஃபைல்ரைட்ப்ரீ. >> போட்டு வேறு கோப்பின் வாலில் சேர்த்தால் ஃபைல்அப்பெண்ட்ப்ரீ. முதலாவதை மட்டும் கண்காணித்தால், விஷுவல் மோடில் நான்கு வரி தேர்ந்திருக்கும்போது விழும் குப்பை தப்பிவிடும். மூன்று பெயர்களுக்கும் நடுவில் காற்புள்ளி மட்டும், இடைவெளி கூடாது.

ஆட்டோசிஎம்டிகளைத் தொகுக்கும் ஆக்ரூப்பும் அதற்குள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் முதல் ஆட்டோசிஎம்டி வரியும் அலங்காரம் அல்ல. அவை இல்லாமல் கன்ஃபிக்கை ஒவ்வொரு முறை மறுபடி ஏற்றும்போதும் காவல் ஒன்று கூடும். சில நாளில், இரண்டாம் காவலில் வரப்போகும் கேள்வியை விம் நான்கு தடவை கேட்கும்.

சோதித்துப் பார்த்தல்

காலியான ஒரு ஃபோல்டரில் செய்யுங்கள். அங்கே ஒரு கோப்பைத் திறந்து, இரண்டு வரி எழுதி, :டபிள்யூ அடியுங்கள். சாதாரணமாகச் சேமிக்க வேண்டும். அடுத்து :டபிள்யூ; அடியுங்கள். தமிழ்ச் செய்தி வர வேண்டும். :!எல்எஸ் அடித்து ஃபோல்டரைப் பாருங்கள்; ; என்ற கோப்பு இருக்கக் கூடாது. செய்தியைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஃபோல்டரையும் பார்ப்பது முக்கியம். ட்ரை வரியை விட்டுவிட்டீர்களா என்பது இங்கேதான் தெரியும்.

ஒன்றுமே நடக்கவில்லையா? :வெர்போஸ் ஆட்டோசிஎம்டி பஃப்ரைட்ப்ரீ என்று கேளுங்கள். பதிவாகியுள்ள காவல்களும், எந்தக் கோப்பில் பதிவானவை என்பதும் வரும். பட்டியலில் உங்களுடையது இல்லை என்றால், விம் வேறு கன்ஃபிக் கோப்பைப் படிக்கிறது. :ஸ்கிரிப்ட்நேம்ஸ் எதைப் படித்தது என்று சொல்லும்.

காவலை நம்ப முடியாத ஒரு இடம் உண்டு. விம்மோடு வரும் நெட்ஆர்டபிள்யூ பிளகின் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரின் கோப்பைத் திறந்திருந்தால், எழுதும் வேலையை பஃப்ரைட்சிஎம்டி என்ற வேறு நிகழ்வு எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகளில் இந்தக் காவலை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த குப்பைகளைத் தேட, ஷெல்லில் ஃபைண்ட் . -டைப் எஃப் -நேம் '?' போதும், கேள்விக்குறி ஒரே எழுத்துப் பெயர்களைப் பிடிக்கும். அழிக்கும்போது கவனம்: ; என்பது ஷெல்லுக்குக் கமாண்டைப் பிரிக்கும் குறி, ' என்பது மேற்கோளின் தொடக்கம். விம்முக்குள்ளேயே :கால் டிலீட்(';') என்று அழித்துவிடுவது சுலபம்.

இரண்டாம் காவல்: பாதி உரை காணாமல் போனால்

பெயர் சரியாக இருந்தும் நடக்கும் விபத்து இது. கோப்பின் ஆரம்பத்தில் நிற்கும்போது டிஜி (ஜி பெரிய எழுத்து) அடித்திருப்போம், அதாவது கடைசிவரை அழி. திரையைப் பார்க்காமல் பழக்கத்தில் சேமித்துவிடுவோம். இங்கே நேரடியாகத் தடுப்பது சரியல்ல, சில சமயம் உண்மையாகவே பாதியை வெட்டுவோம். ஆகவே கேள்வி கேட்கலாம்.

```
ஃபங்ஷன்! ஷ்ரிங்க்கார்ட்()
  லெட் ஓல்டு = ஜிஇடிஎஃப்சைஸ்(எக்ஸ்பேண்ட்('<ஏஃபைல்>'))
  லெட் நியூ = வேர்ட்கவுண்ட்().பைட்ஸ்
  இஃப் ஓல்டு > 1000 && நியூ * 2 < ஓல்டு
    இஃப் கன்ஃபர்ம்('பாதிக்கு மேல் காணவில்லை. சேமிக்கவா?', "&1 சேமி\என்&2 வேண்டாம்", 2) != 1
      ட்ரை
        எக்கோஎர் 'சேமிக்கவில்லை'
      எண்ட்ட்ரை
    எண்ட்இஃப்
  எண்ட்இஃப்
எண்ட்ஃபங்ஷன்
```

முந்தைய ஆக்ரூப்புக்குள்ளேயே, அதன் கடைசி வரிக்கு முன்னால் இதைச் சேருங்கள்:

```
  ஆட்டோசிஎம்டி பஃப்ரைட்ப்ரீ * கால் ஷ்ரிங்க்கார்ட்()
```

வட்டில் உள்ள அளவையும் கையில் உள்ள அளவையும் ஒப்பிடுகிறோம். புதிய கோப்பு என்றால் ஜிஇடிஎஃப்சைஸ் -1 தரும். 1000 என்ற எல்லை அதையும் சின்னச் சின்னக் கோப்புகளையும் கேள்வியில்லாமல் விட்டுவிடும்.

பொத்தான் பெயர்கள் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். பின்சாய்வும் என் எழுத்தும் சேர்ந்து புதுவரி ஆவது இரட்டை மேற்கோளுக்குள் மட்டும்தான். ஒற்றை மேற்கோள் போட்டால் இரண்டு பொத்தானும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். & குறிக்குப் பின் வருவது குறுக்கு விசை. அங்கே தமிழ் எழுத்து வைத்தால், பதில் சொல்லவே கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் 1, 2. வெறும் என்டர் அடித்தால் "வேண்டாம்" என்றாகும்படி கடைசியில் 2 கொடுத்திருக்கிறோம். எஸ்கேப் அடித்தால் 0 திரும்பும், அதுவும் சேமிக்காது. அவசரக் கை அடிக்கும் எந்த விசையும் பாதுகாப்பான பக்கமே விழ வேண்டும்; இந்த எண்ணை மட்டும் 1 என்று மாற்றிவிடாதீர்கள்.

பொய் அலாரம் வரும் இடம் ஒன்று தெரிந்திருக்கட்டும். கையில் உள்ள உரையை விம் யுடிஎஃப்-8 கணக்கில் எண்ணும். வட்டில் உள்ள கோப்பு யுடிஎஃப்-16-ல் இருந்து, உள்ளே ஆங்கில உரை மட்டும் இருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டில் 2 பைட், கையில் 1 பைட். பாதி காணாமல் போகாமல், ஒரு சில எழுத்து குறைந்தாலே கேள்வி வந்துவிடும். இப்படிப்பட்ட கோப்புகளோடு பழகுகிறவர் பெருக்கலில் உள்ள 2-ஐ 3 ஆக்கிக்கொள்ளலாம்.

தேர்ந்த வரிகளை மட்டும் எழுதும்போது இந்தக் காவல் உதவாது. ஆனால் அங்கே விம்மிடமே ஒரு காவல் இருக்கிறது. விஷுவல் மோடில் சில வரி தேர்ந்து :டபிள்யூ அடித்தால், அரைக் கோப்பை எழுத ! வேண்டும் என்று இ140 வரும். அதைப் படிக்காமல் ! சேர்த்தால் தேர்ந்த வரிகள் மட்டுமே கோப்பில் மிஞ்சும்.

இன்னும் நூறு கேள்விகள் சேர்க்க ஆசை வரும்: பெரிய கோப்பா, வேறு ஃபோல்டரா, இரவு நேரமா என்று. வேண்டாம். ஒரு நாளில் பத்து முறை கேட்கும் கேள்விக்குக் கை தானாகவே 1 அடிக்கக் கற்றுக்கொள்ளும். மாதத்தில் இரண்டு முறை வரும் கேள்வியைத்தான் மனிதர்கள் படிப்பார்கள்.

தொடவே கூடாத கோப்புகள்

படிக்க மட்டும் திறக்கும் கோப்புக்கு விம் -ஆர் (பெரிய எழுத்து) அல்லது வியூ போதும். ஒரு ஃபோல்டரில் உள்ள அனைத்துக்கும் நிரந்தரமாக வேண்டுமென்றால், ஆக்ரூப்புக்குள் இன்னொரு வரி:

```
  ஆட்டோசிஎம்டி பஃப்ரீட்போஸ்ட் /பாதை/பழையவை/* செட்லோக்கல் ரீட்ஒன்லி
```

பாதையை உங்களுடையதாக மாற்றுங்கள். செட் போடாமல் செட்லோக்கல் போட்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கோப்போடு நிற்க வேண்டிய செட்டிங் அது. இனி அங்குள்ள கோப்பில் கை வைத்ததும் டபிள்யூ10 எச்சரிக்கை வரும், சேமிக்கப் போனால் இ45.

ரீட்ஒன்லி என்றால் பூட்டு என்று நினைக்க வேண்டாம். :டபிள்யூ! அடித்தால் எழுதிவிடும். அதைவிட வில்லங்கம், அப்படி ஒரு தடவை எழுதியதும் விம் ரீட்ஒன்லியைக் கழற்றிவிடும். அடுத்த :டபிள்யூ சத்தமில்லாமல் போகும். கழற்றாமல் இருக்க சிபிஓப்ஷன்ஸ் செட்டிங்கில் பெரிய இசட் எழுத்தைச் சேர்க்க வேண்டும்: செட் சிபிஓப்ஷன்ஸ்+=இசட். வட்டிலேயே படிக்க மட்டும் என்ற அனுமதியோடு இருக்கும் கோப்பை ! போட்டாலும் எழுதக் கூடாது என்றால் அதே இடத்தில் பெரிய டபிள்யூ. திருத்தவே முடியாமல் செய்ய நோமாடிஃபையபிள் உண்டு. அதில் தட்டினால் இ21 தான் வரும். விம்மை -எம் (சிறிய எழுத்து) போட்டுத் திறந்தால் அந்த அமர்வு முழுக்க எழுதுவதே முடக்கப்படும். சர்வரில் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பைத் துழாவும்போது இந்த -எம் அருமையான பழக்கம்.

சில்லறைகள்

பெரிய இசட்டை இரண்டு தடவை அடித்தால் விம் சேமித்துவிட்டு வெளியேறும். கேப்ஸ் லாக் விழுந்திருக்கும்போது இது நடக்கும். என்நோரீமேப் இசட்இசட் <நாப்> என்ற வரி அதை ஊமையாக்கும்.

ஆட்டோரைட், ஆட்டோரைட்ஆல் இரண்டும் இயல்பாக அணைந்தே இருக்கும். யாருடைய கன்ஃபிக்கையாவது நகலெடுத்திருந்தால் பாருங்கள். ஆட்டோரைட் எரிந்தால் அடுத்த கோப்புக்குப் போகும்போதும் :மேக் அடிக்கும்போதும் விம் தானே சேமிக்கும்.

:டபிள்யூகியூ எதையும் மாற்றாவிட்டாலும் எழுதும், கோப்பின் நேரமுத்திரை மாறும். :எக்ஸ் மாற்றம் இருந்தால் மட்டும் எழுதும். வெளியேறாமல் அதையே செய்வது :அப்டேட்.

கன்ட்ரோல்-எஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு: பல டெர்மினல்களில் அது திரையை உறைய வைக்கும், சேமிக்காது. கன்ட்ரோல்-கியூ அடித்தால் மீளும்.

காவலையும் மீறி எழுதிவிட்டால்

விம்மை மூடாதீர்கள். சேமித்ததால் அண்டூ அழிவதில்லை; யு விசை வழக்கம்போல் பின்னே போகும். எத்தனை தடவை அடிப்பது என்று தெரியாவிட்டால் :ஏர்லியர் 1எஃப். இது கோப்பை எழுதிய தருணங்களை வைத்துப் பின்னே போகும். கடைசியாக எழுதிய பின் எதையும் மாற்றவில்லை என்றால் அதற்கு முந்தைய தடவை எழுதிய நிலைக்குப் போகும். மாற்றியிருந்தால் முதல் தடவை கடைசியாக எழுதிய நிலைக்கே வரும், இன்னொரு தடவை அடிக்க வேண்டும். திறந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் எழுதினீர்கள் என்றால், திறந்தபோது இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடும்.

மூடிவிட்ட பிறகும் இது வேண்டுமென்றால் முன்கூட்டியே இரண்டு ஏற்பாடு. செட் பேக்கப் என்றால் எழுதுவதற்கு முன் இருந்த கோப்பு, பெயரின் வாலில் ~ குறியோடு நிற்கும். இயல்பாக விம் எடுக்கும் நகல், எழுதி முடித்ததும் அழிந்துவிடும். அதை நம்ப முடியாது. பேக்கப்பும் ஒரு படிதான் பின்னே போகும். பதற்றத்தில் இன்னொரு தடவை சேமித்தால் கெட்டுப்போன உரையே பேக்கப் ஆகிவிடும்.

இரண்டாவது, செட் அண்டூஃபைல். அண்டூ வரலாறு முழுவதையும் வட்டில் வைக்கும். செட் அண்டூடிர் மூலம் தனி ஃபோல்டர் சொன்னால், அந்த ஃபோல்டரை நீங்களே முதலில் உருவாக்க வேண்டும். விம் உருவாக்காது, இல்லை என்று புகார் சொல்லவும் சொல்லாது. மீட்க வேண்டிய கோப்பை வேறு எடிட்டரில் திறந்து ஒரு எழுத்தைக்கூட மாற்றிவிடாதீர்கள். வட்டில் உள்ள உரை வரலாற்றோடு பொருந்தவில்லை என்றால், விம் அந்த வரலாற்றை ஏற்றுக்கொள்ளாது.